ரைட்டர் மேஜையில் என்ன எழுதப்படுகிறது?

காவல் நிலையத்துக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருக்கும். இல்லாவிட்டால் புங்கமரம். நம் மக்கள் நிற்கும் இடம் அதுதான். உள்ளே போகலாமா, பாரா காவலர் கூப்பிடுவாரா என்று தெரியாமல் மனுவைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி நிற்போம். அதே நேரத்தில் ஊரிலிருந்து ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு நேராக உள்ளே போவார். அவருக்கு நாற்காலி வரும், டீயும் வரும். அவர் 'வாங்க, போங்க'. நாம் எழுபது வயதானாலும் 'என்னம்மா, எங்க வந்தே?'

வெண்மணியை ஒவ்வொரு டிசம்பர் 25 அன்றும், மேலவளவை ஒவ்வொரு ஜூன் 30 அன்றும் நினைவுகூர்கிறோம். அது நம் கடமை. ஆனால் அந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் நம் தெருக்காரர்கள் எத்தனை முறை அந்த மரத்தடியில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள்? அவையெல்லாம் செய்தியாவதில்லை. காவல் துறையோடு நமக்கு உள்ள உறவு பெரும்பாலும் அந்த மரத்தடிக்கும் நிலைய எழுத்தரின் மேஜைக்கும் இடையில் உள்ள இருபது அடிக்குள்தான் தீர்மானமாகிறது. இந்த வாரம் அந்த மேஜையைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம்.

கடந்த ஆண்டு நாம் உடன் நின்ற ஒரு சம்பவம். ஊர், நிலையம், ஆட்கள் பெயர் வேண்டாம். வழக்கு இன்னும் முடியவில்லை.

காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, விடியற்காலையில் ஓட்டப் பயிற்சி எடுப்பார். தார்ச் சாலை ஊர்த் தெரு வழியாகத்தான் போகிறது. ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு பால் சொசைட்டி முன்பு மூன்று பேர் அவரை மறித்தார்கள். அரைக்கால் சட்டையோடு எங்கள் தெருவில் ஓடுகிறாயா என்று கேட்டு, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, அடித்துக் கால்வாயில் தள்ளினார்கள். முழங்கை கிழிந்தது. பால் ஊற்ற வந்தவர்கள் கேனோடு வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா மகனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே மருத்துவர் விபத்துப் பதிவேட்டில், தெரிந்த மூன்று நபர்கள் கையால் தாக்கியதாகச் சொல்கிறார் என்று நேரமும் இடமும் போட்டு எழுதினார். தையல் போட்டுக்கொண்டு மதியம் காவல் நிலையம் வந்தார்கள். மரத்தடியில் மாலை ஐந்து மணிவரை நின்றார்கள். ஆய்வாளர் அமைச்சர் வருகைப் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார், உதவி ஆய்வாளர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு கிராமப்புறக் காவல் நிலையத்தில் பாதிப் பேர் எப்போதும் வேறு எங்காவது வேலையில்தான் இருப்பார்கள். கடைசியில் எழுத்தர் மனுவை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டைக் கொடுத்தார். 'சி.எஸ்.ஆர். போட்டாச்சு, கூப்பிட்டா வாங்க.' வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி அம்மா வீட்டுக்கு வந்து, சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார்.

மறுநாள் அந்தச் சீட்டைப் படித்தது அதே தெருவில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி. அதில் இருந்தது ஒரே வரி: ஓட்டப் பயிற்சியின்போது ஏற்பட்ட வாய்த்தகராறு சம்பந்தமாக. அடித்தது இல்லை. மூன்று பேர் இல்லை. பால் சொசைட்டி இல்லை. சாதிப் பெயர் இல்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அரசு மருத்துவமனையின் ஏட்டில் தாக்குதல், காவல் நிலையத்தின் ஏட்டில் வாய்த்தகராறு. இரண்டும் அரசாங்கம்தான்.

சி.எஸ்.ஆர். என்பது சமுதாயப் பணிப் பதிவேடு. பர்ஸ் தொலைந்தது, சான்றிதழ் காணவில்லை, பக்கத்து வீட்டோடு கழிவுநீர்த் தகராறு போன்ற மனுக்களைக் குறித்து எண் போட்டுக் கொடுப்பதற்கு அது பயன்படுகிறது. அதற்கு ஒரு பயன் உண்டு, மறுக்கவில்லை. மனுவை வாங்கவே இல்லை என்று சொல்வதைவிட ஒரு எண் இருப்பது நல்லதே. ஆனால் அது முதல் தகவல் அறிக்கை இல்லை. அதை வைத்து யாரையும் கைது செய்ய முடியாது, நீதிமன்றத்துக்கு எதுவும் போகாது, நிவாரணமும் வராது. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் நம் தெருக்களில் சாமி படத்துக்குப் பின்னால் இருப்பதெல்லாம் சி.எஸ்.ஆர். சீட்டுகள்தான்.

ஏன் இப்படி? சாதி வெறி பிடித்த எழுத்தர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஆனால் நிலையத்துக்குள் இருப்பவர்களோடு பேசிப் பார்த்தால் வேறு ஒரு காரணமும் தெரிகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்தால் அது நிலையத்தின் கையை விட்டுப் போய்விடும். 1995-ஆம் ஆண்டு விதிகளின் 7-வது விதிப்படி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். 12-வது விதிப்படி ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் சம்பவ இடத்தைப் பார்வையிட வேண்டும். நிவாரணத் தொகை கணக்கு தொடங்கிவிடும். மேலே இருந்து போன் வரும்: 'உன் லிமிட்ல ஏன் இப்படி?' குற்றம் நடந்தது யாருக்கும் உறுத்தாது, குற்றம் பதிவானதுதான் உறுத்தும். எனவே அமைதியான நிலைய எல்லை என்று பெயர் வாங்க, வாய்த்தகராறு என்று எழுதினால் போதும்.

சட்டம் இதைத் தெரிந்தே வைத்திருக்கிறது. 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் 4-வது பிரிவை நம் மாணவர்கள் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். காவல் நிலையத்தின் அன்றாட வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதே அங்கு எழுதப்பட்டிருக்கிறது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிக்கொண்ட அதிகாரி, கையெழுத்து வாங்கும் முன் அதைப் புகார் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். உரிய பிரிவுகளில் பதிய வேண்டும். நகலை உடனே தர வேண்டும். சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பதிய வேண்டும். 60 நாட்களுக்குள் புலனாய்வை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் காரணத்தை எழுத்தில் விளக்க வேண்டும். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியர் இந்தக் கடமைகளை வேண்டுமென்றே செய்யத் தவறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை.

இதில் நமக்கு மிகவும் பிடித்தது 'படித்துக் காட்ட வேண்டும்' என்ற அந்தச் சிறு வரிதான். அந்த அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் காது நன்றாகக் கேட்கும். அந்தச் சீட்டை யாராவது ஒருமுறை உரக்கப் படித்திருந்தால், 'ஐயா, என் புள்ளைய அடிச்சாங்கன்னு சொன்னேனே, அது எங்க?' என்று அங்கேயே கேட்டிருப்பார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நடக்காத காரியத்தை நாம் கேட்கவில்லை. நம் வட்டாரத்தில் முன்பு பணியாற்றிய ஓர் உதவி ஆய்வாளர் இதைச் செய்தார். மனு கொடுக்க வந்தவரை உட்கார வைப்பார், எழுதியதைப் படிப்பார், 'சரியா இருக்காம்மா?' என்று கேட்பார். நம் சமூகத்தைச் சேர்ந்தவர் இல்லை அவர். அவர் இருந்த காலத்தில் வழக்குகள் அதிகம் பதிவாயின. நம் தெருப் பெண்கள் தைரியமாக நிலையத்துக்குப் போனதும் அந்தக் காலத்தில்தான். பிறகு மாறுதலாகிப் போனார்.

தம்பியின் கதைக்கு வருவோம். மூன்றாம் நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நாமும் உடன் போயிருந்தோம். எதிர்த் தரப்பு ஏற்கெனவே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. நடந்தது விசாரணை இல்லை, பஞ்சாயத்து. 'ஒரே ஊர்க்காரங்க, நாளைக்கு மூஞ்சியில முழிக்கணும், சமாதானமாப் போயிடுங்க.' அம்மா மறுத்தார். அப்போதுதான் மேஜை மேல் இன்னொரு மனு வந்தது. தம்பி பால் கேனை எட்டி உதைத்தார், பெண்களைக் கெட்ட வார்த்தையில் பேசினார், கொன்றுவிடுவதாக மிரட்டினார் என்று எதிர்த் தரப்பு எழுதிக் கொடுத்தது. பழைய சட்டத்தில் 294(பி), 323, 506 என்று நாம் மனப்பாடமாக அறிந்த அதே மூன்று பிரிவுகள், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 351 என்று எண் மாறி வந்திருக்கின்றன. 'உன் மேலயும் எஃப்.ஐ.ஆர். விழும்பா. போலீஸ் வேலைக்குப் படிக்கிறியாமே, யோசிச்சுக்க' என்றார் ஒருவர். மிரட்டுகிற தொனிகூட இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார்.

எதிர் வழக்கு என்பது நம் மக்கள் மீது வீசப்படும் ஆயுதங்களில் மிக மலிவானது. இரு தரப்பு மீதும் வழக்கு, இரு தரப்பிடமும் நன்னடத்தைப் பிணை. நாம் 107 என்று சொல்லிப் பழகியது, இப்போது 126. பார்ப்பதற்கு நடுநிலை போல இருக்கும். ஆனால் ஊர்த் தெருக்காரருக்கு நிலம் இருக்கிறது, கடை இருக்கிறது. ஒரு வழக்கு அவரை எதுவும் செய்யாது. நம் பையனுக்கு இருப்பது அரசுத் தேர்வு மட்டுமே. சீருடைப் பணியாளர் தேர்வில் எழுத்துத் தேர்வைத் தாண்டி, 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி, கயிறு ஏறி, எல்லாம் முடித்த பிறகு நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு அதே காவல் நிலையத்துக்குத்தான் தாள் வரும். அங்கே நிலுவை வழக்கு ஒன்று இருந்தால் அத்தனை ஓட்டமும் வீண். இதை இரண்டு தரப்பும் அறியும். அதனால்தான் நம் மக்களில் பாதிப் பேர் மூன்றாம் நாளிலேயே சமாதானக் கடிதத்தில் கைநாட்டு வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

பிறகு அந்தச் சமாதானக் கடிதங்களையே காட்டி, 'இவங்க போடுறது எல்லாம் பொய் கேஸ்' என்கிறார்கள். டீக்கடையில் 'பி.சி.ஆர். போட்டுடுவான், பார்த்துப் பேசு' என்று கேலி பேசுகிறார்கள். (பி.சி.ஆர். என்பது 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். இப்போது பதிவாவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். கேலி செய்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.) இந்தப் பொய் வழக்கு வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 மார்ச் 20 அன்று, முதற்கட்ட விசாரணை நடத்தலாம், கைதுக்கு முன் அனுமதி வேண்டும் என்று இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் நம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிர்களும் போயின. அதே ஆண்டில் நாடாளுமன்றம் 18-ஏ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றமே அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் 18-ஏ செல்லும் என்றும் தீர்ப்பானது.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறோம் என்றால், இப்போது நிலையங்களில் ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவு, 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் துணைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த இடம் தருகிறது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்கு அதிகபட்சம் 5 ஆண்டு. 'புதுச் சட்டத்துல 14 நாள் டைம் இருக்கு' என்று நம்மிடமே சொன்னார்கள். வன்கொடுமைச் சட்டத்தின் 18-ஏ, முதல் தகவல் அறிக்கைக்கு முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. அதன் 20-வது பிரிவு, வேறு சட்டங்களோடு முரண்பட்டால் இந்தச் சட்டமே மேலோங்கும் என்கிறது. 14 நாள் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் மரியாதையாகச் சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம்.

ஐந்தாம் நாள் அந்த மாணவிதான் புகாரைப் புதிதாக எழுதினார். இதை மற்ற மாணவர்களும் கவனிக்க வேண்டும். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டிய குற்றத்துக்கு 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் பொருந்த வேண்டுமானால் அது பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். எனவே இடம் எது, சுற்றி யார் நின்றார்கள், எந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்பது புகாரிலேயே இருக்க வேண்டும். நம் மக்கள் அந்தச் சொல்லை எழுதக் கூச்சப்பட்டு 'தகாத வார்த்தை' என்று எழுதிவிடுவார்கள். அங்கேயே வழக்கு பாதி போய்விடும். அந்தப் பெண் கூச்சப்படவில்லை. காலை ஐந்தரை மணி, பால் சொசைட்டி வாசல், கேனோடு நின்றவர்களில் தெரிந்தவர்கள் இன்னார் இன்னார், சொன்ன சொல் இது என்று எழுதினார். மருத்துவமனைப் பதிவின் நகலையும் சாதிச் சான்றிதழ் நகலையும் இணைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

நிலையம் பதிய மறுத்தால் புகாரைத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம் என்று 1995 விதிகளின் 5-வது விதி சொல்கிறது. ரசீதோடு அனுப்பிவிட்டு, புதன்கிழமை கண்காணிப்பாளர் அலுவலகக் குறைதீர் நாளுக்கும் போனோம். அங்கே நாற்காலி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்பதாம் நாள் முதல் தகவல் அறிக்கை பதிவானது. அன்று மாலையே எதிர் வழக்கும் பதிவானது.

துணைக் கண்காணிப்பாளர் தெருவுக்கு வந்தார், பால் சொசைட்டிக்கும் போனார். வரிசையில் நின்ற பலர் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். ஒரு மூதாட்டி மட்டும் கேட்டதாகச் சொன்னார். அவர் நம் தெருக்காரர் இல்லை. நிவாரணத்தின் முதல் தவணை வங்கிக் கணக்குக்கு வந்தது. 60 நாள் கடந்து பல மாதங்கள் ஆகியும் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. தாமதத்துக்கு எழுத்தில் விளக்கம் இருக்கிறதா என்று கேட்டோம். பதில் வரவில்லை. 2022 டிசம்பரில் வெளியே வந்த வேங்கைவயல் குடிநீர்த் தொட்டி விவகாரத்தில், மாநிலமே பார்த்துக்கொண்டிருந்தும், குற்றப்பத்திரிகைக்கு 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் குற்றப்பத்திரிகையே வேறு சர்ச்சை. யாரும் பார்க்காத ஒரு பால் சொசைட்டி வழக்கு எந்த மூலையில் கிடக்கும் என்று ஊகிக்கலாம்.

நாம் குறிப்பாக எழுத நினைத்த இன்னொன்று 4-வது பிரிவில் உள்ள ஓர் ஓட்டை. கடமை தவறிய அதிகாரி மீது நடவடிக்கை எடுக்க நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும். அதாவது துறையே விசாரித்து, துறையே பரிந்துரைக்க வேண்டும். ஒன்பது நாள் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டு நாம் கொடுத்த மனு அப்படிப்பட்ட விசாரணைக்குத்தான் போயிருக்கிறது. ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டத்தில் எத்தனை வழக்குகள் பதிவாயின என்று மட்டும் கணக்குக் காட்டாமல், நம் தெருக்களிலிருந்து போன மனுக்களில் எத்தனை சி.எஸ்.ஆரோடு நின்றன என்ற கணக்கையும் வைக்கச் சொல்லி உறுப்பினர்கள் கேட்க வேண்டும். எல்லாம் இப்போது கணினியில் எண்ணோடு இருக்கிறது. எடுப்பது கடினமில்லை.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வரவேற்கிறோம். நிலையத்தின் ரோந்துப் புத்தகத்தில் நம் தெருவின் பெயர் மாறலாம். அந்தத் தெருவுக்கு ரோந்து வருவது திருட்டு நடந்தால் சந்தேகப்பட்டு ஆள் பிடிக்க மட்டும்தானா என்பதும் மாற வேண்டும்.

தம்பி எழுத்துத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறார். எதிர் வழக்கு 'விசாரணையில்' இருக்கிறது. அது உண்மையா பொய்யா என்று முடிவு செய்ய பால் சொசைட்டி செயலரிடம் அன்றைய கொள்முதல் ஏட்டைக் கேட்டாலே போதும். கேன் கவிழ்ந்திருந்தால் அளவு குறைந்திருக்கும். இன்னும் யாரும் கேட்கவில்லை. நிலையத்துக்கு நாம் வைக்கும் கோரிக்கை இரண்டு. நன்னடத்தைச் சரிபார்ப்புத் தாள் வரும் முன் அந்த வழக்கை விசாரித்து ஒரு முடிவுக்குக் கொண்டுவாருங்கள். இன்னொன்று, தம்பி இப்போது ஏரிக்கரையை மட்டும்தான் சுற்றி ஓடுகிறார். அங்கே வெளிச்சம் இல்லை, மழைக்குப் பிறகு பாம்பு. ஒரு மாதத்துக்குக் காலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை ரோந்துக் காவலர் ஒருவர் பால் சொசைட்டி வாசலில் நின்றால், அவர் தார்ச் சாலையில் ஓடுவார்.